பத்திர எழுத்தர் மகன் பிசினஸ் அனலிஸ்ட் ஆன கதை

என்னுடைய வங்கி நாட்களைப் பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். வங்கியை விட்டு வந்த பிறகு 14 வருடம் பார்த்த வேலையைப் பற்றி எழுதியதில்லை. அது என்ன வேலை என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார் என்பதுதான் காரணம். கல்யாண வீட்டில் யாராவது, "வி.ஆர்.எஸ். வாங்கிட்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போயிட்டீங்களாமே, புரோகிராம் எல்லாம் எழுதுவீங்களா?" என்பார்கள். "இல்லை, பிசினஸ் அனலிஸ்ட்" என்பேன். "ஓ, பிசினஸா, நல்லது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவார்கள்.

இப்போது என் தம்பி மகள் எம்.பி.ஏ. முடித்துவிட்டு அதே வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். "ஏன் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று நேர்முகத் தேர்வில் கட்டாயம் கேட்பார்களாம். "பெரியப்பா, நீங்க ஏன் போனீங்க?" என்று போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னது கொஞ்சம். மிச்சத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் வேலை என்ன என்பது. ஒரு வங்கிக்கு மென்பொருள் வேண்டும். வங்கிக்காரருக்குத் தன் தொழில் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. புரோகிராம் எழுதும் பையனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், வங்கி தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, வங்கிக்காரருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிக்கொடுத்து, செய்துவந்த பிறகு எழுதியபடி இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவர்தான் பிசினஸ் அனலிஸ்ட். இந்த வேலைக்கென்றே 2003-ல் கனடாவின் டொரன்டோவில் ஒரு சர்வதேச சங்கம் தொடங்கினார்கள். அதற்கு ஒரு கையேடு, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் உண்டு. நான் அதெல்லாம் இல்லாத காலத்தில் போனவன்.

அந்த வேலையை நான் முதலில் பார்த்தது மன்னார்குடியில், எங்கள் வீட்டுத் திண்ணையில். என் அப்பா பத்திர எழுத்தர். காலையில் திண்ணையில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "அரை ஏக்கர் நிலம், இன்னாருக்கு விக்கிறேன், எழுதுங்க" என்பார் வந்தவர். அப்பா பேனாவை எடுக்கவே மாட்டார். கேள்விதான் கேட்பார். "வடக்கே யார் நிலம்? கிழக்கே வாய்க்காலா, வரப்பா? கிணறு உங்க பங்குல இருக்கா, பொதுவா? வண்டி எது வழியாப் போகுது? அந்தப் பாதை எழுத்துல இருக்கா, வாய்ப்பேச்சா? அக்கா தங்கச்சி எத்தனை பேரு? அவங்க கையெழுத்துப் போடுவாங்களா?" சில சமயம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலத்தையே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

வந்தவர்களுக்கு எரிச்சல் வரும். "அய்யா, எல்லாருக்கும் எழுதுற மாதிரி எழுதிடுங்களேன்" என்பார்கள். அப்பா சொல்வார்: "எழுதுறது அரை மணி நேரம். கேக்குறதுதான் அரை நாள். இன்னைக்கு நான் கேக்காத கேள்வியை முப்பது வருஷம் கழிச்சு கோர்ட்டுல வக்கீல் கேப்பான்."

கிணற்றில் பாதி பாத்தியம் என்று ஒரு வரி எழுதாமல் விட்டதால் அண்ணன் தம்பி இரண்டு தலைமுறை பேசாமல் போன குடும்பங்களை எங்கள் ஊரில் எனக்குத் தெரியும். அதனால் அப்பாவின் கேள்விகள் எனக்கு வம்பாகத் தோன்றியதில்லை. அவர் தொழிலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, 1979-ல் வங்கிக் குமாஸ்தா ஆனேன்.

அந்தக் காலத்து வங்கி வேலை உங்களில் பலருக்குத் தெரியும். பித்தளை டோக்கன், தடித் தடி லெட்ஜர்கள், மாதாமாதம் பேலன்சிங், ஜூன் டிசம்பரில் வட்டி போடும் ராத்திரிகள். சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடுவது ஒரு கலை. மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் இருந்த குறைந்தபட்ச இருப்பு எதுவோ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. லெட்ஜர் பக்கத்தில் விரலை ஓட்டி ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தக் குறைந்தபட்சத்தைப் பிடிக்க வேண்டும். எங்கள் கிளையில் ஒரு மூத்த குமாஸ்தா இதைக் கூட்டல் எந்திரத்தைவிட வேகமாகச் செய்வார்.

1984-ல் ரிசர்வ் வங்கியின் ரங்கராஜன் குழு, கிளைகளில் எந்திரங்களைக் கொண்டுவரும்படி அறிக்கை கொடுத்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. நானும் பேட்ஜ் குத்திக்கொண்டு வாயிற்கூட்டத்தில் கோஷம் போட்டவன்தான். பிறகு சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் ஒப்பந்தங்கள் ஆயின. ஏ.எல்.பி.எம். என்று ஒரு லெட்ஜர் எந்திரம் வந்தது. 1993 ஒப்பந்தத்துக்குப் பிறகு வேகம் கூடியது. கடைசியில், வங்கிகளின் வணிகத்தில் 70 சதவீதம் 2001 தொடக்கத்துக்குள் கம்ப்யூட்டருக்கு வந்தாக வேண்டும் என்று மத்திய கண்காணிப்பு ஆணையர் என். விட்டல் கெடு வைத்தார். கிளை கிளையாக அவசரம் அவசரமாகக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின.

நான் அப்போது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் அதிகாரி. டெல்டா கிளை என்றால் நகைக்கடன்தான் உயிர். ஆடியில் நடவுச் செலவுக்கு நகை உள்ளே வரும். அறுவடை முடிந்து, தையில் கல்யாணங்களுக்கு முன்னால் வெளியே போகும். ஒரே கடனில் நாலைந்து உருப்படி வைத்திருப்பார்கள். முழுப் பணமும் கட்ட முடியாதவர், கொஞ்சம் கட்டி, விசேஷத்துக்கு வேண்டிய ஒரு உருப்படியை மட்டும் கேட்பார். மதிப்பீட்டாளர் மிச்ச நகையை மறுபடி எடை போட்டு, பையை மறுபடி அரக்கு முத்திரை வைத்து, லெட்ஜரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். அதிகம் போனால் இருபது நிமிடம்.

புது மென்பொருள் வந்த முதல் தை மாதம். ஒரு விவசாயி வந்தார். 48 கிராம், ஐந்து உருப்படி, 14,000 ரூபாய் கடன். மகளுக்கு இரண்டு நாளில் கல்யாணம். அதில் இரண்டு பவுன் சங்கிலியை மட்டும் எடுக்க 6,000 ரூபாய் கொண்டுவந்திருந்தார். கம்ப்யூட்டரில் நகைக்கடனுக்கு இரண்டே கதவுகள்தான். பணம் வரவு வைக்கலாம். அல்லது கடனை முடித்து நகை முழுவதையும் கொடுக்கலாம். ஒரு உருப்படியை மட்டும் விடுவிக்க வழியே இல்லை. பழையபடி கையால் எழுதிக்கொடுத்தால், பெட்டகத்தில் இருப்பது ஒன்று, கம்ப்யூட்டர் சொல்வது ஒன்று. எந்த மேலாளரும் அதற்குத் துணிய மாட்டார்.

ஒரே வழிதான் இருந்தது. முழுக் கடனையும் முடித்து, மிச்ச நகைக்குப் புதுக் கடன் போடுவது. அதற்கு வட்டியோடு இன்னும் ஒன்பதாயிரத்துக்கு மேல் அவர் கையில் இருந்தாக வேண்டும், ஒரு மணி நேரத்துக்காவது. மனிதர் கடைத்தெருவுக்கு ஓடினார். நெல் மண்டியில் கைமாற்று வாங்கி வந்தார். கடனை முடித்தோம், புதுக் கடன் போட்டோம், மதிப்பீட்டுக் கட்டணம் இன்னொரு முறை கட்டினார். அந்தப் பணத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தபோது மண்டிக்காரர் அரை நாளைக்கு 200 ரூபாய் பிடித்துக்கொண்டாராம். எங்களிடம் அவர் கோபப்படவில்லை. "மிஷினு வந்தா சீக்கிரமா ஆகும்னாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஒரு பையன் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். "சார், உங்க பேங்க் கொடுத்த தேவைப் பட்டியல் என்கிட்ட இருக்கு. 37 பக்கம். இதுல பகுதி நகை விடுவிப்புன்னு ஒரு வார்த்தைகூட இல்லை. இல்லாததை நான் எப்படி சார் செய்வேன்?" என்றான்.

அவன் சொன்னது நியாயம். அந்த 37 பக்கத்தை எழுதியவர்கள் நகைக்கடன் கவுண்டரில் தை மாதம் உட்கார்ந்தவர்கள் இல்லை. உட்கார்ந்தவர்களிடம் போய்க் கேட்டவர்களும் இல்லை. கிணற்றுப் பாத்தியத்தைக் கேட்காமல் பத்திரம் எழுதிவிட்டார்கள். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. "இந்தப் பட்டியலை எழுதுறதுக்குன்னு ஒரு வேலை இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "இருக்கு சார், பிசினஸ் அனலிஸ்ட்னு சொல்வாங்க. பேங்க் தெரிஞ்ச ஆள்தான் கிடைக்கிறதில்லை" என்றான். அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருடம், 2000 கடைசியில், வி.ஆர்.எஸ். அறிவித்தார்கள். 15 வருட சேவை அல்லது 40 வயது ஆனவர் போகலாம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதமிருக்கும் காலத்துக்கான சம்பளம், எது குறைவோ அது. நாடு முழுக்கப் பொதுத்துறை வங்கிகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். பலர் அந்தப் பணத்தில் வீடு கட்டினார்கள், மகளுக்குக் கல்யாணம் செய்தார்கள். எனக்கு வயது 45. மகன் பிளஸ் டூ, மகள் ஒன்பதாவது. பென்ஷன் வரும், ஆனால் இரண்டு படிப்புக்குப் போதாது. அதனால் சம்பளமும் ஒரு காரணம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வீட்டில் சம்மதமில்லை. "ஆபீசர்னு எழுந்து நின்னு வணக்கம் வெச்ச ஊரு இது. இதை விட்டுட்டு சின்னப் பசங்ககிட்ட போய்க் கைகட்டி நிக்கணுமா?" என்றாள் மனைவி. அதைவிடக் கடினமான கேள்வி சங்கத்து நண்பரிடமிருந்து வந்தது. அவரும் நானும் ஒரே பேட்ஜ் குத்தியவர்கள். "நம்ம வேலையைத் தின்ன வந்ததுக்கு நீயே போய்த் தீனி போடப் போறியா?" என்றார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. எதிரே மூன்று பேர். மூத்தவருக்கே முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். "கோடிங் தெரியுமா?" "தெரியாது." "எந்த மென்பொருளில் பழக்கம்?" கிளையில் இருந்ததைச் சொன்னேன். கடைசியில் அந்த மூத்தவர், "ஒரு வங்கி தன் வாடிக்கையாளருக்கு லாக்கர் வாடகை வசூலிக்க மென்பொருள் கேட்கிறது. என்ன செய்வீர்கள்?" என்றார். நான் கேள்விகளை ஆரம்பித்தேன். லாக்கர் ஒருவர் பேரிலா, கூட்டாகவா? ஒருவர் இறந்தால் யார் திறக்கலாம்? வாடகை முன்பணமா? கணக்கில் பணம் இல்லாவிட்டால்? வாடகை கட்டாதவரின் லாக்கரை உடைக்க எத்தனை நோட்டீஸ்? சாவி தொலைந்தால் செலவு யாருடையது? பத்தாவது கேள்வியில் அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

முதல் ஆறு மாதம் சிரமம்தான். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், என் மேலாளரையும். அவருக்கு 29 வயது. அவர் என்னை "சார்" என்றார், நான் அவரை "சார்" என்றேன். இரண்டு பேரும் கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. கைகட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதை மனைவிக்கு முதல் மாதமே சொல்லிவிட்டேன்.

வேலையின் ருசி எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். மேலே சொன்னேனே, 10ஆம் தேதி விதி. 2010 ஏப்ரல் 1 முதல், சேமிப்புக் கணக்குக்குத் தினசரி இருப்பின்மேல் வட்டி கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. இதில் வாடிக்கையாளருக்கு எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஒருவர் கணக்கில் 2,000 ரூபாய் இருக்கிறது. 30 நாள் மாதத்தில் 11ஆம் தேதி 50,000 போடுகிறார், எடுக்கவில்லை. அப்போது வட்டி 3.5 சதவீதம். பழைய விதிப்படி குறைந்தபட்ச இருப்பு 2,000 தான், அந்த மாத வட்டி 5 ரூபாய் 83 பைசா. புது விதிப்படி பத்து நாள் 2,000-க்கும் இருபது நாள் 52,000-க்கும் வட்டி. 101 ரூபாய் 64 பைசா.

விதி ஒரே வரி. அதை எழுதும்போது கேள்விகள் வரிசையாக வந்தன. லீப் வருடத்தில் 365-ஆல் வகுப்பதா, 366-ஆலா? பைசாவைத் தினமும் முழுமையாக்குவதா, அரை வருடக் கடைசியில் ஒரே தடவையா? காசோலை போட்டால் எந்த நாளிலிருந்து இருப்பு? முன்தேதியிட்டுத் திருத்தப் பதிவு வந்தால், ஏற்கெனவே கணக்கிட்ட நாட்களுக்கு என்ன செய்வது? அரை வருடத்தின் ஒரு பகுதிக்குப் பழைய விதியும் மறுபகுதிக்குப் புது விதியும் வந்தால்? இடையில் கணக்கை மூடினால்? ஒவ்வொரு கேள்விக்கும் வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்கினேன். சோதனையின்போது நான் போட்ட முதல் கணக்கு, 11ஆம் தேதி டெபாசிட். லெட்ஜரில் விரலை ஓட்டிய அந்த மூத்த குமாஸ்தா கற்றுக்கொடுத்ததில்லையா?

பெயர் விஷயம் இன்னொன்று. வெளிநாட்டில் செய்த மென்பொருளில் முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் கட்டாயம். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? ஒரு கிளையில் புள்ளி வைத்தார்கள், ஒரு கிளையில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர், சிலர் ஊர்ப் பெயர். எல்லாக் கிளையையும் ஒரே மையக் கணினியில் சேர்க்கும்போது ஒரே அம்மாள் நான்கு பேராக இருந்தார். விதவைப் பென்ஷன் ஒரு பெயரில், டெபாசிட் ஒரு பெயரில். பணம் அவருடையது என்று அவரே நிரூபிக்க வேண்டும். குடும்பப் பெயர் கட்டாயமில்லை, இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று எழுதினேன். இதற்காக மூன்று கூட்டங்களில் வாதாட வேண்டியிருந்தது.

நகைக்கடன் பகுதியை எழுதும் வாய்ப்பும் வந்தது, வேறொரு வங்கிக்காக. பகுதி விடுவிப்புக்கு மட்டும் நான்கு பக்கம். அனுமதி யாருடையது, மிச்ச நகை இன்றைய விலைக்கு மிச்சக் கடனுக்குப் போதுமா, மறு எடை, புது முத்திரை எண், கூட்டுக் கடனாக இருந்தால் யார் கையெழுத்து, எல்லாம். வடக்கிலிருந்து வந்த புரோகிராமர் பையன் ஒருவன், "மொத்தமாக எடுக்க வேண்டியதுதானே, ஏன் ஒன்றே ஒன்று?" என்று கேட்டான். ஆடி நடவையும் தைக் கல்யாணத்தையும் அவனுக்கு அரை மணி நேரம் சொன்னேன். அவன் அதை மிக நன்றாகச் செய்துகொடுத்தான். அது ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு கிளையில் வாடிக்கையாளரோடு வாடிக்கையாளராக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெண்மணி தோடு ஒரு ஜோடியை மட்டும் விடுவித்துக்கொண்டு போனார். கால் மணி நேரம் ஆனது. அந்த 14 வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. அந்தத் தோடு ஞாபகம் இருக்கிறது.

இனி சங்கத்து நண்பர். "மிஷினை நாம நிறுத்த முடியலை. வந்தது வந்துட்டது. நம்ம ஜனங்களைத் தெரியாத மிஷினா இருக்கணுமா, தெரிஞ்ச மிஷினா இருக்கணுமா, அதுதான் இப்ப மிச்சம் இருக்கிற கேள்வி" என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பேசத் தெரிஞ்சவன் நீ" என்று விட்டுவிட்டார். எங்கள் வங்கியில் அதற்குப் பிறகு பல வருடம் குமாஸ்தா வேலைக்கு ஆளே எடுக்கவில்லை. நாங்கள் இருபத்தாறு பேர் இருந்த கிளையில் இப்போது ஏழு பேர். அந்த வேலைகள் கிடைத்திருக்க வேண்டிய பிள்ளைகள் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். அதனால் அவர் கேள்வியில் பாதி இன்னும் நிற்கிறது. மற்ற பாதிக்கு நான் செய்த வேலைதான் பதில்.

அவரோடு இன்றும் மாதம் ஒருமுறை போனில் பேசுகிறேன். போன நவம்பரில், வங்கிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே செல்போனில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். முழங்கால் வலி. "மூணாவது தடவைதான் முகத்தை ஒத்துக்கிச்சு. இதுக்கும் உன்னை மாதிரி ஒருத்தன் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கணும்" என்றார். பாராட்டா, குத்தலா என்று நான் கேட்கவில்லை.

வங்கியில் கம்ப்யூட்டர் நுழைந்த காலத்தில் கவுண்டரில் இருந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. உங்கள் ஊரில் அது எந்த வேலையைத் தெரியாமல் வந்து நின்றது என்று எழுதுங்கள். நகைக்கடன் பார்த்தவர்கள் அவசியம் எழுதுங்கள்.